4கே முத்திரை மட்டும் போதுமா?

பழைய தமிழ்ப் படங்கள் புதிய உறையில் திரும்பி வருகின்றன. திரையரங்கு வாசலில் ‘டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது’ என்று சுவரொட்டி சொல்கிறது. யூடியூபில் ‘4கே’ என்ற அடைமொழியும் ஓடிடி தளங்களில் ‘ரீமாஸ்டர்’ என்ற முத்திரையும் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பார்த்துக் கண்டிப் பகுதியின் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வத்துகாமத்திலும் பல வீடுகளில் பழைய வீடியோ கெசட்டுகளும் டிவிடிகளும் பழைய சாமான்களோடு வெளியேறுகின்றன. புதிய பதிப்பு எப்போதும் தெளிவானது என்ற நம்பிக்கைதான் காரணம். பல படங்களில் அந்த நம்பிக்கை சரி. சில படங்களில் அது நேர்மாறாகவே முடிகிறது.

‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லைப் பயன்படுத்த யாரும் எந்தத் தேர்விலும் தேற வேண்டியதில்லை. மூல நெகட்டிவைத் தேடிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சீரமைத்த படமும் அதே சொல்லைத் தாங்கி வரும். பழைய டிவிடியை ஒரு மென்பொருளில் போட்டு ஒரே இரவில் பெரிதாக்கிய படமும் அதே சொல்லோடு வரும். இரண்டையும் பிரித்தறியத் தேவையான தகவல் பெரும்பாலான உறைகளில் இல்லை. ஆகவே பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் எப்படி ஒப்பிடுவது என்பது சாதாரணப் பார்வையாளரும் தெரிந்துகொள்ள வேண்டிய விடயமாகிவிட்டது.

டெக்கிலிருந்து 4கே வரை

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐடிஎன் மூலம் கொழும்பு வட்டாரத்தில் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்து, பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து ஒளிபரப்பு கிடைத்த பிறகே கண்டிப் பகுதி வீடுகளில் தொலைக்காட்சி பரவலாயிற்று. அதே காலத்தில் மத்திய கிழக்கில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது ‘டெக்’ எனப்பட்ட விஎச்எஸ் கருவியையும் கூடவே கொண்டுவந்தனர். கெசட்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் பெருகின. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விசிடியும் அடுத்த பத்தாண்டில் டிவிடியும் அந்த இடத்தைப் பிடித்தன.

இவற்றின் தெளிவுக்கு இடையே பெரிய இடைவெளி உண்டு. விஎச்எஸ் நாடாவில் படத்தின் அகலவாக்கில் ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்கே நுணுக்கம் தங்கும். இலங்கையின் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் விசிடி ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகளைத் தரும். மொத்தம் ஒரு இலட்சம் புள்ளிகள். டிவிடி 720க்கு 576. நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல். புளூரே வட்டில் 20 இலட்சம். 4கேயில் 83 இலட்சம்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதியது வென்றுவிடும். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை பாத்திரத்தின் கொள்ளளவைத்தான் சொல்கிறது. அதற்குள் ஊற்றப்பட்டது என்ன என்பதை அது சொல்வதில்லை. நான்கு இலட்சம் புள்ளிகளில் பதிவான படத்தை 83 இலட்சமாக விரித்தால் இடைவெளிகளை இயந்திரம் ஊகித்து நிரப்பும். புதிய நுணுக்கம் எதுவும் அதில் பிறக்காது.

யூடியூபில் ‘4கே’ என்று தெரிவது பதிவேற்றிய கோப்பின் அளவு மட்டுமே. பெரிய கோப்புக்கு அந்தத் தளம் கூடுதல் தரவு ஒதுக்குவதால் அதே படம் சற்றுத் துப்புரவாகத் தெரியலாம். மூலம் டிவிடியாக இருந்தால் அந்தத் தெளிவுக்கும் டிவிடியே எல்லை.

கொள்ளளவு இருந்தும் வீணான கதை டிவிடியிலும் உண்டு. ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி இடம் இருக்கிறது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று அதில் நன்றாகவே தங்கும். மூன்று படங்களை ஒரே வட்டில் அடைத்து விற்றபோது ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு தரவே கிடைத்தது. மழைக் காட்சியிலும் கூட்டக் காட்சியிலும் படம் சதுரம் சதுரமாக உடைவது அதனால்தான். 2007இல் இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கியபோது உரிமம் பெற்ற வட்டுகள் எல்லோர் கைக்கும் எட்டின. அதே நேரத்தில், விலைக்குறைப்புப் போட்டியில் படத்தின் தரம் பின்வரிசைக்குப் போனது.

எதிலிருந்து எடுத்தார்கள்?

பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. படச்சுருளில் படமாக்கும்போது கமராவுக்குள் ஓடுவது மூல நெகட்டிவ். அதிலிருந்து இடைப்பிரதிகள் எடுக்கப்படும். அவற்றிலிருந்து திரையரங்குக்கான பிரதிகள் அச்சாகும். நிழற்பிரதியை மறுபடி நிழற்பிரதி எடுப்பதுபோல ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும். கறுப்பு அடர்ந்து, வெள்ளை வெளிறும்.

35 மி.மீ. மூல நெகட்டிவில் 4கே அளவை நெருங்கும் நுணுக்கம் இருக்கிறது என்பது துறையினரின் பொதுவான கணிப்பு. திரையரங்குகளில் நூறு முறை ஓடிய பிரதியில் அதில் பாதிகூட மிஞ்சாது. பழைய தமிழ் விஎச்எஸ், டிவிடி பலவும் இத்தகைய ஓடித் தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. நெடுக்குக் கீறல்களும், சுருள் மாறும் இடத்தில் வலது மேல் மூலையில் தோன்றி மறையும் வட்டப் புள்ளியும் அதற்கு அடையாளம்.

நெகட்டிவ் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ சான்று. அது உள்ளிட்ட அவரது அப்பு முப்படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வுகூடம் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகின. எரிந்து சுருண்ட மிச்சங்களை எறிந்துவிடாமல் பாதுகாத்தார்கள். பிற்பாடு கிரைடீரியன் நிறுவனமும் அமெரிக்க அகாடமி படக் காப்பகமும் சேர்ந்து அவற்றை இத்தாலியின் பொலோஞா நகர ஆய்வுகூடத்துக்கு அனுப்பின. அங்கே ஏறக்குறைய 1,000 மணி நேரம் கையாலேயே ஓரத் துளைகளைச் சீர்செய்து, சுருளை நிமிர்த்தி, பயன்படக்கூடிய பகுதிகளை மீட்டனர். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மீதியை வேறு நல்ல பிரதிகளால் நிரப்பினர். 2015இல் வந்த 4கே பதிப்பைப் பழைய டிவிடியோடு ஒப்பிட்டால் வேறுபாடு முதல் காட்சியிலேயே தெரியும்.

நெகட்டிவ் இல்லாத படமும் மீளலாம். அரவிந்தனின் மலையாளப் படமான ‘தம்பு’வுக்கு மூல நெகட்டிவ் இல்லை. புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து மறு நெகட்டிவ் எடுத்து, அதை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சீரமைத்தது. 2022இல் கான் விழாவில் அது திரையிடப்பட்டது. எந்த மூலத்திலிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல் சொன்னதுதான் அந்த வேலையின் சிறப்பு.

இலங்கைக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ (1972) மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய உலக சினிமாத் திட்டத்தின் கீழ் 2013இல் பொலோஞாவில் சீரமைக்கப்பட்டது. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ (1978) சீரமைக்கப்பட்டு 2025இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது. தெளிவற்ற தொலைக்காட்சிப் பதிவாக மட்டுமே இவற்றை அறிந்திருந்த தலைமுறைக்கு இவை புதிய படங்கள்போலவே கிடைத்துள்ளன.

துடைப்பது எதுவரை?

படச்சுருளில் ஒளி பதிவது மிகச் சிறிய வெள்ளி உப்புத் துகள்களில். அவை திரையில் மெல்லிய மணல் அசைவதுபோலத் தெரியும். தூசும் கீறலும் சுருளில் பிறகு ஏறிய அழுக்கு. துகளோ படத்தின் உடம்பு. அழுக்கை அகற்றுவதும் துகளை அகற்றுவதும் ஒன்றல்ல.

துகளைக் ‘குறை’ என்று கருதி மென்பொருளால் துடைக்கும்போது முகத்தின் மயிர்க்கால்கள், சேலையின் நெசவு, சுவரின் சொரசொரப்பு எல்லாம் சேர்ந்தே போய்விடும். முகங்கள் மெழுகு பூசியதுபோல மினுங்கும். பிறகு கூர்மை குறைந்துவிட்டதே என்று விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்குவார்கள். அப்போது ஆள் உருவைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஓடும்.

ஆங்கிலப் படமான ‘பிரிடேட்டர்’ (1987) இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் உதாரணம். 2008இல் வந்த அதன் புளூரே வட்டு துகள் நிறைந்தது, பார்வைக்குக் கரடுமுரடானது. 2010இல் வந்த புதிய பதிப்பில் துகள் அறவே துடைக்கப்பட்டிருந்தது. நடிகர்களின் முகம் பொம்மை முகமானது. பழைய வட்டே மேல் என்று இரசிகர்கள் அதைத் தேடி வாங்கினர். 2024இல் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ ஆகிய படங்களின் 4கே வட்டுகள் வந்தபோதும் இதே விவாதம் எழுந்தது. இம்முறை துடைத்தது செயற்கை நுண்ணறிவு சார்ந்த மென்பொருள். தெளிவில்லாத இடங்களில் அது தானாக வரைந்து சேர்த்த விவரங்கள் இயற்கையாக இல்லை என்பது குற்றச்சாட்டு.

பெரிய பட்ஜெட்டும் மூல நெகட்டிவும் உள்ள நிறுவனங்களுக்கே இந்த நிலை. விசிடியிலிருந்து எடுத்த பழைய தமிழ்ப் படத்தை அதே வகை மென்பொருளில் போட்டால் விளைவு இன்னும் மோசம். தொலைவில் நிற்கும் துணை நடிகரின் முகம் சில புள்ளிகள் மட்டுமே. மென்பொருள் அங்கே ஒரு முகத்தை ஊகிக்கும். அது அந்த நடிகரின் முகமாக இருக்காது.

படத்தின் தோற்றத்தோடு இது நிற்கவில்லை. தனுஷ் நடித்த ‘ராஞ்ஜனா’ இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ 2025 ஆகஸ்டில் மறுவெளியீடானபோது அதன் முடிவே செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்டிருந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். மறுவெளியீடு என்ற பெயரில் எதுவரை கைவைக்கலாம் என்ற கேள்வி தமிழ்ப் படம் பார்ப்பவர்களின் வாசலுக்கே வந்துவிட்டது.

வெட்டுப்படும் தலையும் காலும்

புதிய தொலைக்காட்சிகள் அகலமானவை. பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரமானது. இரண்டும் பொருந்தாதபோது இருபுறமும் கறுப்புப் பட்டை விடுவதே நேர்மையான வழி. வாடிக்கையாளர் அதைக் குறையாக நினைப்பார் என்று அஞ்சி, படத்தின் மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்புவது எளிதான வழி.

இழப்பு சிறியதல்ல. பழைய சட்டகத்தை இன்றைய தொலைக்காட்சி அகலத்துக்கு வெட்டினால் படத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். அதைவிட அகலமான சினிமாஸ்கோப் வடிவத்துக்கு வெட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு போகும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) போன்ற நாட்டியப் படத்தை இப்படி வெட்டினால் ஆடுபவரின் பாதங்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

2012 மார்ச்சில் மறுவெளியீடாகி நூறு நாளைக் கடந்து ஓடிய ‘கர்ணன்’ (1964), பழைய படங்களுக்கு இன்றும் கூட்டம் வரும் என்று நிரூபித்தது. இன்றைய மறுவெளியீட்டு அலைக்கு அதுவே தொடக்கம். சிதைந்திருந்த நிறமும் ஒலியும் அதில் மீண்டன. ஆனால் அந்தப் பதிப்பு சினிமாஸ்கோப் வடிவத்துக்கு மாற்றப்பட்டது. ஆக, அந்தப் படத்தின் பழைய டிவிடியில் நிறம் மங்கியிருக்கலாம். மேலும் கீழும் உள்ள படம் அதில்தான் இருக்கும்.

எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. எண்பதுகளில் சினிமாஸ்கோப்பில் எடுத்த படங்களைச் சதுரத் தொலைக்காட்சிக்காக விஎச்எஸ்ஸில் பதிந்தபோது பக்கங்களை வெட்டினர். அங்கும் இழப்பு அதே ஐந்தில் இரண்டு பங்குதான். எதிரெதிரே நின்று பேசும் இருவரில் ஒருவர் காணாமல் போவார். இத்தகைய படங்களில் முழு அகலத்தோடு வரும் புதிய பதிப்பே சந்தேகமின்றி மேல்.

நினைவில் வைக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவும் சினிமாஸ்கோப் அகலத்தில் தெரிந்தால், அது வெட்டப்பட்டது அல்லது பக்கவாட்டில் இழுக்கப்பட்டது. இழுக்கப்பட்டிருந்தால் ஆட்கள் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள். வண்டிச் சக்கரம் முட்டை வடிவாகும்.

நிறமும் நிழலும்

ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவில் மங்கும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு. அறுபது, எழுபதுகளின் படங்கள் பழைய வட்டுகளில் செங்கல் நிறத்தில் தெரிவது இதனால்தான். ஆரம்பத்தில் எடுத்த நிறம் அதுவல்ல.

புதுப்பிக்கும்போது நிறத்தை மீட்கலாம். ஆனால் எந்த நிறத்துக்கு மீட்பது என்பதற்கு ஒளிப்பதிவாளரோ நல்ல நிலையில் உள்ள பழைய பிரதியோ சாட்சி வேண்டும். அது இல்லாதபோது கணினி முன் இருப்பவரின் இரசனையே நிறத்தைத் தீர்மானிக்கிறது. வானம் ஒரே நீலமாகவும் தோல் ஒரே செம்மஞ்சளாகவும் மாறிவிட்ட பதிப்புகள் அப்படி வந்தவை.

கறுப்பு வெள்ளைப் படங்களில் ஆபத்து வேறு வகை. எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) முழுக்க நிழலை நம்பி எடுக்கப்பட்ட படம். இத்தகைய படத்தில் ‘பளிச்’ என்று இருக்க வேண்டும் என்பதற்காக மாறுபாட்டைக் கூட்டினால் நிழலுக்குள் இருக்கும் பொருட்கள் தார் பூசியதுபோல மறையும். பழைய நாடாவில் சாம்பலாகத் தெரிந்த கதவும் படிக்கட்டும் புதிய பதிப்பில் காணாமல் போயிருந்தால் புதுப்பித்தவர் கை மிஞ்சிவிட்டது என்று பொருள்.

வேகமும் குரலும்

படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகம் காட்டும். அதனால் பால் கெசட்டுகளிலும் டிவிடிகளிலும் படம் 4 சதவீதம் விரைந்து ஓடியது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஓட்ட நேரம் குறைந்திருப்பதைப் பார்த்து ‘காட்சியை வெட்டிவிட்டார்கள்’ என்று முடிவு செய்வது அவசரமாகிவிடும்.

வேகம் கூடும்போது குரலும் ஏறும். பாடலின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். இலங்கையில் ஒரு தலைமுறை பல படப் பாடல்களை இப்படித்தான் கேட்டுப் பழகியது. 24 சட்டகத்திலேயே ஓடும் புளூரே பதிப்பில் குரல் சற்றுத் தணிந்து ஒலித்தால் அது பழுதல்ல. பாடகரின் உண்மைக் குரல்.

ஒலியில் வேறு மாற்றங்களும் நடக்கின்றன. பழைய படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அதை 5.1 என்ற பல தட ஒலியாக விரிக்கும்போது சில பதிப்புகளில் பின்னணி இசையையே புதிதாக வாசித்துச் சேர்க்கிறார்கள். வசனம் பழையது, வீணை புதியது என்ற கலவை காதுக்கு உறுத்தும். நல்ல பதிப்பு புதிய ஒலியோடு பழைய ஒற்றைத் தடத்தையும் தெரிவாகக் கொடுக்கும்.

வீட்டில் ஒப்பிடும் முறை

பழைய டிவிடி மங்கல் என்று தீர்ப்பளிக்குமுன் அது எப்படி இணைக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். மஞ்சள் முளை கேபிளில் ஓடும் டிவிடியையும் எச்டிஎம்ஐயில் ஓடும் யூடியூபையும் ஒப்பிடுவது நியாயமல்ல. இரண்டும் ஒரே தொலைக்காட்சியில், ஒரே அமைப்பில் ஓட வேண்டும்.

தொலைக்காட்சிகள் கடையில் கண்ணைப் பறிப்பதற்காகப் பெரும்பாலும் ‘விவிட்’, ‘டைனமிக்’ அமைப்பில் வருகின்றன. அதை ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்ற வேண்டும். கூர்மையைக் குறைக்க வேண்டும். படத்தை நாடகத் தொடர்போல வழுக்கிச் செல்ல வைக்கும் அசைவு மென்மையாக்கலை நிறுத்த வேண்டும். சட்டக அளவை ‘ஒரிஜினல்’ என்று வைக்க வேண்டும்.

பிறகு ஒரே காட்சியை இரண்டிலும் ஓட்டி ஐந்து இடங்களைக் கவனித்தால் போதும். எழுத்தோட்டத்தின் ஓரங்கள் முழுதாக இருக்கின்றனவா? நெருக்கக் காட்சியில் முகத்தோல் தோலாகத் தெரிகிறதா, மெழுகாகத் தெரிகிறதா? கருங்கூந்தலிலும் இருட்டறையிலும் விவரம் இருக்கிறதா? மழை, புகை, கூட்டம் வரும்போது படம் உடைகிறதா? பாடலின் நீளமும் சுருதியும் ஒத்திருக்கின்றனவா? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தால் எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்பது தானாகவே தெளிவாகும்.

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்குப் பழைய நாடாவே கதி

இந்தியப் படங்களுக்குப் பழையதா புதியதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியாவது இருக்கிறது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களுக்கு அதுவும் இல்லை. 1962இல் 16 மி.மீ. சுருளில் எடுத்த ‘சமுதாயம்’ தொடங்கி, ‘குத்துவிளக்கு’ (1972), கண்டியில் பிறந்த தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) என்று நீளும் வரிசை அது.

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டுடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்கள் உட்படப் பல படங்களின் நெகட்டிவ்கள் அதோடு அழிந்தன. மூலம் அழிந்த படத்துக்குத் திரையரங்குப் பிரதியோ, தொலைக்காட்சிப் பதிவோ, யாரோ வீட்டில் பதிந்து வைத்த விஎச்எஸ் நாடாவோதான் மிச்சம். அத்தகைய நாடா எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதற்கு மாற்று இல்லை.

படங்களுக்கு மட்டும் இது பொருந்துவதல்ல. எண்பதுகளின் தொலைக்காட்சி நாடகங்கள், பாடசாலை விழாக்கள், ஊர் வைபவங்கள் எல்லாம் நாடாவில்தான் கிடக்கின்றன. கண்டிப் பகுதியின் ஈரக்காற்றில் நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்வது வழமை. அந்த நாடாவை டெக்கில் போட்டால் நாடாவும் கெடும், டெக்கின் தலையும் கெடும். புதிய டெக்கும் கிடைக்காது. உலகில் கடைசியாக விஎச்எஸ் கருவி தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் இருக்கும் டெக்குகள் பழுதாகும்வரைதான் அவகாசம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, உறையில் உண்மை. புதுப்பித்த படம் என்று விற்பவர்கள் மூன்று தகவலை அச்சிட வேண்டும்: மூலம் நெகட்டிவா, திரையரங்குப் பிரதியா, வீடியோவா; சட்டகம் மூல அளவிலேயே உள்ளதா, வெட்டப்பட்டதா; நிறத்திலும் ஒலியிலும் கதையிலும் செய்த மாற்றம் என்ன. செயற்கை நுண்ணறிவு பயன்பட்டிருந்தால் அதுவும் தனியே குறிக்கப்பட வேண்டும். மூன்று வரிக்கு மேல் இடம் தேவைப்படாது.

இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்பு. பொருள் குறித்து ஏமாற்றும் விதமாக விளம்பரம் செய்வதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. விரித்துப் பெரிதாக்கிய டிவிடியை ‘4கே ரீமாஸ்டர்’ என்று காசு வாங்கி விற்பதையும் காட்டுவதையும் அந்தச் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவருவது குறித்து அதிகாரசபை வழிகாட்டல் வெளியிடலாம்.

மூன்றாவது, ஊர் மட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு. மடவளை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம் பகுதிகளில் எந்த வீட்டில் என்ன நாடா இருக்கிறது என்று பள்ளிவாசல், கோயில் நிருவாகங்களும் நூலகங்களும் பாடசாலைகளும் சேர்ந்து பட்டியலிடலாம். மடவளை மதீனா தேசியக் கல்லூரி போன்ற பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் மாணவருக்கு இது நல்ல செய்முறைப் பணி. ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு எழுதுவதும் அதே பாடத்துக்குள் அடங்கும்.

நான்காவது, ஓடும் டெக் ஒன்றைப் பொதுவில் வைப்பது. கண்டி டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகமோ பேராதனைப் பல்கலைக்கழகமோ ஒரு டெக்கும் பதிவுக் கருவியும் கொண்ட சிறு பிரிவைத் தொடங்கலாம். வீட்டார் நாடாவோடு வந்து பிரதி எடுத்துச் செல்லலாம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கி வரும் நூலக நிறுவனத்தின் அனுபவம் இதற்கு வழிகாட்டும். வணிகப் படங்களைப் பொறுத்தவரை உரிமையாளரின் அனுமதியும் பெறப்பட வேண்டும்.

ஐந்தாவது, வீட்டார் கடைப்பிடிக்க வேண்டியவை. நாடாக்களை நிறுத்தி வைத்து, ஈரமில்லாத அலுமாரியில் பாதுகாக்க வேண்டும். பூஞ்சை கண்ட நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓட்டக்கூடாது. எண்ணிமமாக்கும்போது 720க்கு 576 என்ற மூல அளவிலேயே பதிய வேண்டும். துடைப்பு, கூர்மை, மென்பொருள் மெருகு எதுவும் அந்த முதற்பிரதியில் சேரக்கூடாது. மெருகேற்றுவது தனிப் பிரதியில் நடக்கட்டும். முதற்பிரதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைப்பது நல்லது. எழுதக்கூடிய டிவிடியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. அதன் சாயப் பூச்சு காலப்போக்கில் கெடும்.

ஆறாவது, இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு ஒரு தேடல். தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனமும் தொலைக்காட்சி நிலையங்களும் தங்களிடம் உள்ள தமிழ்ப் பிரதிகளின் பட்டியலை வெளியிட வேண்டும். புலம்பெயர்ந்த குடும்பங்களிடம் இருக்கக்கூடிய நாடாக்களும் அதில் சேர வேண்டும். எந்தப் படத்துக்கு எந்த மூலம் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை முதலில் சீரமைப்பது என்று முடிவெடுக்க முடியும். ‘நிதானய’வுக்கும் ‘கெஹெனு லமய்’க்கும் கிடைத்த வாய்ப்பைப் ‘பொன்மணி’க்கும் கேட்பதற்கு அந்தப் பட்டியலே முதல் ஆவணம்.

இவை நடக்கும்வரை ஒரு நடைமுறை விதி போதும். புதிய பதிப்பை ஒரு முறையாவது பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை பழைய கெசட்டையோ வட்டையோ எறியக்கூடாது. புதிய பதிப்பே வராத படமென்றால் எறியவே கூடாது.